கனவை நினைவிற் கொள்ளும் நெறியும் மலைநாட்டு வரலாறும்

மாந்தர் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு துயிலிற் கழிகின்றது. அத்துயிலிடைத் தோன்றும் கனவோ விழித்த சிறு பொழுதிற் கலைந்து போகின்றது. அதனைப் பற்றிக்கொள்ளும் வழி யாது, பற்றியதனாற் பெறும் பயன் யாது என்னும் வினாக்கள் உளநூலார்க்கே உரியன என்பர் பலர். வரலாற்று மாணவர்க்கும், சிறப்பாக நுவரெலியா, அற்றன் பகுதித் தேயிலைத் தோட்ட மக்களின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கும், அவை உரியனவே என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டும்.

தமிழர் கனவைப் பண்டே பொருட்படுத்தினர். சிலப்பதிகாரத்திற் கண்ணகி தேவந்திக்கும், கோவலன் மாடலனுக்கும், கோப்பெருந்தேவி தோழிக்கும் தாம் கண்ட கனவுகளைக் கூறுகின்றனர். அக்காப்பியத்தின் ஒரு காதைக்குக் ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்று பெயர். திருக்குறளின் ஓரதிகாரத்திற்குக் ‘கனவுநிலை உரைத்தல்’ என்று பெயர். இரண்டிலும் ‘உரைத்தல்’ என்னுஞ் சொல் அமைந்திருத்தல் கருதத்தக்கது. கண்ட கனவு பிறர்க்கு உரைக்கப்படும்போதே நினைவில் நிலைபெறுகின்றது. கனாநூல் இரவை யாமங்களாகப் பகுத்துக் கடையாமக் கனவே விரைந்து பலிக்கும் என்கின்றது. சைவ நூல்களோ நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என அவத்தைகளை ஐந்தாக வகுத்து ஆராய்ந்தன.

மேனாட்டில் இத்துறை வேறொரு வழியில் வளர்ந்தது. 1867ஆம் ஆண்டிற் சேம்சு தெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கர் நிலத்திற் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலை வாணிகம் அதனினின்றே தோன்றியது. அதே ஆண்டிற் பிரான்சிய அறிஞர் எர்வே த சேன்-தெனி கனவுகளையும் அவற்றை நெறிப்படுத்தும் வழிகளையும் பற்றிய நூலொன்றைத் தம் பெயர் குறியாது வெளியிட்டார். பதின்மூன்றாம் வயதிலே கனவுகளை எழுதத் தொடங்கிய அவர், 1,946 இரவுகளின் கனவுகளைக் குறிப்பேடுகளிற் பதிந்தார். நாடோறும் எழுத எழுத நினைவு வலுப்பெற்றது. பின்னர்க் கனவு காணும்போதே ‘இது கனவு’ என்றுணரும் நிலையும் வாய்த்தது. இதனைத் ‘தெளிகனவு’ எனலாம். ஒல்லாந்தராகிய பிரெடரிக் வான் ஏடன் 1913இல் இதற்கு இப்பொருள்படும் ஆங்கிலப் பெயரை வழங்கினார். 1975இல் இங்கிலாந்திற் கீத் கேர்ண், துயில்வோர் ஒருவர் கனவிலிருந்தபடியே கண்ணசைவாற் குறிகாட்டியதைக் கருவியாற் பதிவு செய்தார்.

நினைவு ஏன் தவறுகின்றது? 1953இல் அசெரின்சுக்கியும் கிளைற்மனும் துயிலிடையே கண்கள் விரைந்தசையும் பருவங்கள் உண்டெனக் கண்டனர். 1957ஆம் ஆண்டு ஆய்வில், அப்பருவத்தில் எழுப்பப்பட்ட தடவைகளுள் நூற்றுக்கு எண்பதிற் கனவு நினைவிலிருந்தது. ஏனைய பருவத்தில் நூற்றுக்கு ஏழில் மட்டுமே இருந்தது. இப்பருவங்கள் இரவு கழியக் கழிய நீள்கின்றன. விடியற்குமுன் மிக நீள்கின்றன. கடையாமக் கனவு பலிக்கும் என்பதை அறிவியல் ஒப்பவில்லையாயினும், அது தெளிவாக நினைவில் நிற்கும் என்பதற்குக் காரணம் காட்டுகின்றது.

இனி மலைநாட்டை நோக்குவோம். முன்னாளில் விடியுமுன்னர்ப் பெரட்டுத் தப்பு முழங்கும். லயத்தின் சிற்றறையில் நெருங்கித் துயின்றோர் அவ்வொலி கேட்டெழுந்து பெரட்டுக் களத்திற்கு விரைவர். மேற்கண்ட ஆய்வின்படி அவர்கள் எழுப்பப்பட்ட பொழுது கனவு செறிந்த பொழுதே. எனின், அவர்கள் கனவு காணாதவரல்லர். கண்ட கனவை அசைபோடும் ஓய்வு மறுக்கப்பட்டவரே. விழித்தவுடன் வேறு வேலையிற் புகுவார்க்கு நினைவு கலைதல் இயல்பு. அவர்தம் வருகையையும் கொழுந்தின் நிறையையும் தோட்டத்து ஏடுகள் நாடோறும் குறித்தன. மனத்தைக் குறிக்க ஏடு இல்லை.

இக்குறை சிறிதன்று. செருமனியிற் சார்லொட் பெராட் என்பார் 1933 முதலாகச் சர்வாதிகாரத்தின்கீழ் வாழ்ந்தோரின் கனவுகளைத் தொகுத்து 1966இல் நூலாக்கினார். அரசின் அச்சம் வீட்டினுள்ளும் துயிலினுள்ளும் புகுந்தமையை அந்நூல் காட்டிற்று. அரசாங்க ஆவணங்கள் அதனைக் காட்டா. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தமும் தோட்ட மக்களின் இரவுகளை எங்ஙனம் வருத்தின? கப்பலேறினோர் எம்மலையைக் கனவிற் கண்டனர்? அக்காலத்தைக் கண்டு இன்றும் வாழும் முதியோரே இவற்றுக்கு விடை கூறவல்லார்.

கனவை நினைவிற் கொள்ளும் நெறி எளியது. துயிலுமுன் ‘கனவை நினைவிற் கொள்வேன்’ என உறுதி கொள்ளல் வேண்டும். விழித்ததும் உடலை அசையாது, கண் திறவாது, எஞ்சிய கடைசிக் காட்சியைப் பற்றி அதற்கு முந்தியதைத் தேடிப் பின்செல்லல் வேண்டும். பின்னர் உடனே எழுதல் வேண்டும். எழுத்தறியாதார் அருகிலிருப்பவர்க்கு உரைத்தல் வேண்டும். சில கிழமைகள் இவ்வாறு பயின்றார்க்கு நினைவு பெருகும். தெளிகனவை விரும்புவார்க்கும் இதுவே முதற்படி. நினைவில் நில்லாத கனவு தெளிந்ததோ தெளியாததோ என அறிதற்கு வழியில்லை.

மலைநாட்டு மாணவர் இந்நெறியைத் தாம் பயில்வதோடு, தம் பாட்டன் பாட்டியரிடம் மறவாதிருக்கும் கனவுகளைக் கேட்டு, கண்ட ஊரும் காலமும் குறித்து, அவர் மொழியிலேயே எழுதிவைத்தல் வேண்டும். முதியோர் மறையுமுன் செய்தற்குரிய பணி இது.