என்பும் ஞாயிற்றொளியும்

குழந்தையின் நீண்ட என்புகள் முனைகளை அடுத்துள்ள மெல்லிய கசியிழையத்திலேயே வளர்கின்றன. அவ்விழையத்திற் கல்சியமும் பொசுபரசும் படிந்தாலன்றி அது வன்மையுறாது. படியாதவிடத்து, உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாது கால்கள் வில்லென வளையும். இதுவே றிக்கெற்ஸ் எனும் நோய். 1650ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் பிரான்சிசு கிளிசன் இதனை விரித்தெழுதினார். எனினும் உண்மைக் காரணம் புலப்படவில்லை.

1822இல் போலந்து அறிஞர் சினியாடெக்கி, வார்சோ நகரக் குழந்தைகளைப் பீடித்த இந்நோய் நாட்டுப்புறத்தில் அரிதாயிருத்தலைக் கண்டு, வெயிலே மருந்தென்றார். அச்சொல்லைச் செவிமடுத்தோர் சிலரே. ஆலைப்புகை சூரியனை மறைத்த நகரங்களில் நோய் மென்மேலும் பெருகியது.

1919இல், போரினால் நலிந்த பெர்லின் நகரில், ஹுல்ட்சின்ஸ்கி என்னும் வைத்தியர் நோயுற்ற குழந்தைகள்மீது ஊதாக் கடந்த கதிர்களைப் பாய்ச்சினார். என்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் ஒளிபட்டபோதும் இரு கைகளும் குணமடைந்தன! தோலிற் பிறந்த ஏதோவொன்று குருதிவழியே உடலெங்கும் சென்றிருத்தல் வேண்டுமன்றோ?

அதே ஆண்டில் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர், நாய்க்குட்டிகளுக்கு மீனீரல் எண்ணெய் கொடுத்து இந்நோயைத் தடுத்தார். 1922இல் அமெரிக்கரான மக்கொலம், அவ்வெண்ணெயில் என்பைக் காக்குஞ் சத்து விற்றமின் ஏயினின்றும் வேறானதென நிறுவினார். அதுவே விற்றமின் டி. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு அது துணைபுரிகின்றது. வெயில் படும்போது நமது தோலும் அதனை ஆக்குகின்றது.

சினியாடெக்கியின் சொல் மெய்யென நாட்டப்பட ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. அதற்கிடையில் எத்தனை குழந்தைகள் நிமிர்ந்து நடக்கும் பேற்றை இழந்தனரோ!