மாட்டேறு முதல் கணினி வரை: நூலில் இடஞ்சுட்டும் மரபின் வளர்ச்சி

நீண்ட நூலொன்று தன்னுள் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்தைச் சுட்டாது அமைதல் அரிது. ‘முதலாம் இயலிற் கூறினாம்’, ‘அட்டவணை 3 நோக்குக’, ‘பக்கம் 84 காண்க’ என வரும் தொடர்களை இன்றி ஆய்வேடொன்றை எழுதவோ படிக்கவோ இயலாது. இத்தகைய தொடர்களை இக்கட்டுரை ‘இடஞ்சுட்டு’ எனக் குறிக்கின்றது. சிறியதொரு தொழினுட்ப விடயமாகத் தோன்றும் இதன் வரலாறு, அறிவை ஒருவர் கூறப் பிறரொருவர் சரிபார்க்கும் முறையின் வரலாறேயாகும். சுட்டப்பட்ட இடத்தை வாசகன் சென்றடைய முடியாவிடின் ஆசிரியன் கூற்றை நம்புவதன்றி வேறு வழி அவனுக்கு இல்லை.

இடஞ்சுட்டு இருவகைப்படும். ஒன்று, பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டுவது. ஏட்டெண்ணும் பக்க எண்ணும் இவ்வகையின. மற்றையது, பொருளையே அதன் பெயராலோ நூலின் உள்ளமைப்பாலோ சுட்டுவது. இடம் பெயரக்கூடியது; பொருள் அவ்வாறன்று. இவ்வேறுபாட்டை ஒவ்வொரு காலத்து அறிஞரும் தத்தம் கருவிகளுக்கு ஏற்ப எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தமிழ் இலக்கண மரபு இவ்விடயத்தைத் தொன்றுதொட்டே உணர்ந்திருந்தது. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘மொழிவாம் என்றல்’, ‘கூறிற்று என்றல்’ என்பன இடம்பெறுகின்றன. முன்னது பின்னர் வருவதையும், பின்னது முன்னர் வந்ததையும் சுட்டுவது. நன்னூலார் இவற்றை ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என்பார்; ‘மாட்டெறிந்தொழுகல்’ என்பதனையும் ஓர் உத்தியாக அவர் கொண்டனர். ஓரிடத்து வகுத்த விதியைப் பிறிதோரிடத்திற்கு மாட்டிவிடுதலே மாட்டேறு. அகர ஈற்றுச் சொற்களின் புணர்ச்சியை விரித்துரைத்த தொல்காப்பியர், ஆகார ஈற்றுக்கு வரும்போது அதுவும் அகர ஈற்றின் இயல்பினதே என்று கூறி அமைகின்றார். கற்போன் முன்னைய விதிகளை மீட்டு நினைந்து இங்குப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கு இலக்கண ஆசிரியர் ‘இத்தனையாம் ஏட்டிற் காண்க’ என்று கூறவில்லை. ‘அகர ஈறு’ எனப் பொருளின் பெயரையே சுட்டினார். இதற்குக் காரணம் வெளிப்படை. பனையோலைச் சுவடி படியெடுக்கப்படுந்தோறும் ஓலையின் நீளமும் எழுதுவோன் கையெழுத்தும் மாறும். ஒரு சுவடியின் பத்தாம் ஏட்டில் உள்ளது மற்றொன்றில் பன்னிரண்டாம் ஏட்டில் அமையும். மேலும் நூல் நெஞ்சில் நிறுத்திக் கற்கப்பட்டதாகையால் நினைவுக்கு ஏடு இல்லை, பெயரே உண்டு. எனவே மாட்டேறு எத்தனை முறை படியெடுக்கப்பட்டாலும் பழுதுறாது நின்றது. உரையாசிரியர்களிடம் ஒரு நுட்பமும் காணப்படுகின்றது. ‘மேல்’ என்ற சொல்லை அவர்கள் முன் வந்ததற்கும் பின் வருவதற்கும் வழங்கினர். ‘மேற் கூறினார்’, ‘மேற் கூறுப’ என வினையின் காலமே திசையைக் காட்டிற்று.

மேலைத் தேயத்தில் இச்சிக்கல் வேறொரு வகையில் எழுந்தது. கிறித்தவ நற்செய்தி நூல்கள் நான்கும் ஒரே வரலாற்றை வெவ்வேறு வரிசையிற் கூறுவன. அவற்றை ஒப்புநோக்க விரும்பிய செசரியா நகர் யுசேபியஸ், கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஒவ்வொரு நூலையும் சிறு பகுதிகளாகப் பகுத்து எண்ணிட்டு வழங்கினார். மத்தேயு மட்டும் 355 பகுதிகளைப் பெற்றது. நான்கு நூல்களிலும் உள்ளவை, மூன்றில் உள்ளவை, இரண்டில் உள்ளவை, ஒன்றில் மட்டும் உள்ளவை எனப் பத்து அட்டவணைகளை அவர் அமைத்தார். ஓரத்திற் பகுதி எண்ணும் அதன் கீழ்ச் சிவப்பு மையில் அட்டவணை எண்ணும் எழுதப்பட்டன. நிறவேறுபாட்டால் இரு எண்களும் மயங்காது நின்றன. இடஞ்சுட்டுக்குத் தனி வடிவம் வேண்டும் என்ற கருத்தின் பழைய சான்றுகளுள் இஃது ஒன்றாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிஸில் ஸ்ரீபன் லாங்டனின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் அதிகாரப் பகுப்பு பரவியது. அதே நகரில் டொமினிக்கன் சபைத் துறவியர், சென் சேர் ஹியூவின் வழிகாட்டலில் விவிலியச் சொல்லடைவொன்றைத் தொகுத்தனர். வசன எண்கள் அந்நாளில் இன்மையால், ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பங்காகக் கற்பித்து, உரோம எழுத்துக்களுள் முதலேழையும் அவற்றுக்கு அடையாளமாக இட்டனர். சுவடி எவ்வளவு பெரிதாயினும் சிறிதாயினும் இச்சுட்டு பொருந்திற்று.

அச்சுக்கலை நிலைமையை மாற்றியது. ஒரே பதிப்பின் படிகள் யாவும் ஒரே பக்க அமைப்பை உடையனவாதலின், இடத்தைச் சுட்டுவதும் பயனுடையதாயிற்று. 1470 இல் கொலோன் நகரில் ஆர்னோல்ட் தெர் ஹூர்னன் அச்சிட்ட சிறுநூலொன்றில் அச்சிட்ட ஏட்டெண்கள் காணப்படுகின்றன. எனினும் பதிப்பு மாறின் பக்கமும் மாறும். இதற்கு ஒரே குடும்பத்தைச் சார்ந்த இருவர் இருவேறு தீர்வுகளைத் தந்தமை குறிப்பிடத்தக்கது. அச்சாளர் றொபேட் எஸ்தியன் 1551 இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசனங்களுக்கு எண்ணிட்டார். பரிஸிலிருந்து லியோனுக்குச் சென்ற பயணத்தினிடையே அவர் இப்பகுப்பைச் செய்தார் என மகன் ஹென்றி குறித்துள்ளார். இம்மகனே 1578 இல் பிளேற்றோவின் நூல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டவர். அப்பதிப்பின் பக்க எண்களும் பக்கத்தின் உட்பிரிவுகளைக் காட்டும் எழுத்துக்களும் பின்வந்த பதிப்புக்களின் ஓரங்களில் இடப்பட்டன. இன்று எம்மொழிபெயர்ப்பிற் பிளேற்றோவைப் படிப்பவரும் அவ்வெண்களாலேயே மேற்கோள் காட்டுவர். தந்தை நூலுக்கு எண்ணிட்டார். மகனின் பக்க எண்ணோ காலப்போக்கில் நூலின் எண்ணாகவே மாறிற்று.

தமிழில் இம்மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார்; உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் வெளியிட்டார். ஐயர் பதிப்புக்களின் அடிக்குறிப்புக்கள் பிற நூல்களின் ஒப்புமைப் பகுதிகளைச் செய்யுள் எண்ணாலும் அடி எண்ணாலும் சுட்டுவன. இதனால் பக்க எண் தெரியாமலே எப்பதிப்பிலும் அவ்விடத்தை அடைதல் கூடும்.

ஆயினும் நூலின் எண்ணும் முற்றிலும் இயற்கையானதன்று. இன்று நாம் வழங்கும் குறளெண் பரிமேலழகர் கொண்ட வைப்பு முறையைச் சார்ந்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்தினுள் குறள்களின் வரிசை வேறுபடும். தொல்காப்பிய நூற்பாக்களையும் உரையாசிரியர்கள் ஒரே வகையாகப் பகுத்திலர். ஒருவர் ஒன்றெனக் கொண்டதை மற்றவர் இரண்டெனக் கொள்வர். எனவே நூற்பா எண்ணைத் தருவோர் எவ்வுரையைத் தழுவினர் என்பதனையும் கூறுதல் வேண்டும். அதனைக் கூறாத அடிக்குறிப்பு வாசகனை வேறு நூற்பாவுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

பக்க எண்ணை மட்டும் நம்புவதன் தீங்கு நமது நாட்டிற் கொடுமையாகவே உணர்த்தப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் முதலாந் திகதியிலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன எனக் கூறப்படுகின்றது. அரிய பதிப்பொன்று அழியுமிடத்து அதன் பக்கத்தை மட்டும் சுட்டிய குறிப்பும் உடன் செயலிழக்கின்றது. செய்யுளையோ நூற்பாவையோ சுட்டிய குறிப்பு, அந்நூலின் வேறொரு பதிப்பு எங்கேனும் எஞ்சியிருக்கும்வரை உயிரோடிருக்கும்.

பிறர் நூலைச் சுட்டுவோர் அச்சான எண்ணையேனும் பற்றிக்கொள்ளலாம். தம் நூலை எழுதிக்கொண்டிருப்போர்க்கு அதுவும் இல்லை. நான்காம் இயலின் முன் புதிய இயலொன்று சேரின் பின்வரும் எண்கள் யாவும் மாறும். தட்டச்சுக் காலத்தில் இவற்றைக் கையாலே தேடித் திருத்தினர். இச்சுமையைக் கணினி ஏற்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் பிறையன் றீட் 1980 இல் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வின் விளைவான ‘ஸ்கிறைப்’ என்னும் நிரல், பகுதிக்கு ஆசிரியன் ஒரு பெயரிடவும் அப்பெயராலேயே அதனைச் சுட்டவும் இடமளித்தது. டொனால்ட் நூத்தின் ‘டெக்’ நிரலின்மீது லெஸ்லி லாம்போட் 1980களில் அமைத்த ‘லாடெக்’ இதனைப் பரவலாக்கிற்று. அது நூலை இருமுறை வாசிக்கும்: முதன்முறை ஒவ்வொரு பெயரும் எவ்வெண்ணைப் பெற்றதெனக் குறித்துக்கொள்ளும், மறுமுறை அவ்வெண்ணை உரிய இடங்களில் இடும். பெயர் காணப்படாதவிடத்து இரு வினாக்குறிகளை அச்சிட்டு எச்சரிக்கும்.  ‘கூறிற்று என்றல்’, ‘மொழிவாம் என்றல்’ ஆகிய இரண்டுமே இதில் மறுவாசிப்பை வேண்டும்.

இன்று மாணவர் பெரும்பாலும் வழங்கும் மைக்ரோசொப்ட் வேட் செயலியிலும் அடிப்படை இதுவே. தலைப்புக்குரிய பாணியால் தலைப்புக்களை அமைத்து, எண்ணைக் கையால் எழுதாது, இடஞ்சுட்டாகச் செருகினால் அது ‘புலம்’ எனப்படும் மறைகுறிப்பாக நிற்கும். புதுப்பிக்குமாறு ஏவியதும் புதிய எண்ணைக் காட்டும். வடிவத்துக்கும் இது பொருந்தும். நூறு இடஞ்சுட்டுக்களை ஒவ்வொன்றாகத் தடித்த எழுத்தாக்கினால் புதுப்பிக்கும்போது அத்தடிப்பு மறைந்துவிடக்கூடும். மறைகுறிப்புக்கள் தோன்றுமாறு செய்து, இடஞ்சுட்டுப் புலங்கள் அனைத்தையும் ஒருங்கே தேடி, ஒரே எழுத்துப் பாணியை இடுதலே முறை. புலத்தின் முதலெழுத்து எவ்வடிவினதோ அவ்வடிவிலேயே விடையும் தோன்றுக என்னும் ஆணையையும் அப்புலத்தினுள் அமைக்கலாம். யுசேபியஸின் சிவப்பு மை ஆற்றிய பணியை இங்குப் பாணி ஆற்றுகின்றது.

ஆயினும் கணினியின் காவல் ஓர் ஆவணத்தின் எல்லைக்குள் அடங்கியது. நமது ஆய்வேட்டின் இயல்கள் இடம் பெயரினும் அது எண்ணைத் திருத்தும். நாம் எடுத்தாண்ட நூற்பா எவ்வுரையினது, செய்யுள் எப்பதிப்பினது என்பதனை அது அறியாது. அதனைக் கூறும் பொறுப்பு எழுதுவோனுடையதே.

இதுவரை கூறியவற்றால், இடஞ்சுட்டின் வளர்ச்சி இடத்திலிருந்து பொருளை நோக்கிய ஒரு பயணம் என்பது புலப்படும். மாட்டேற்றில் ‘அகர ஈறு’ என்ற பெயரும், கணினியில் ஆசிரியன் இடும் பெயரும் ஒரே பணியைச் செய்கின்றன. நாம் எழுதும் ஆய்வேடு நமக்குப் பின்வருவோர் சரிபார்ப்பதற்கு உரியதாகலின், சுட்டப்படும் பொருளின் பெயரையும் பகுப்பையும் பதிப்பையும் அவர்களுக்குத் தெளிவுறக் காட்டுதல் ஆய்வாளன் கடமையாகும்.