குழாயின் நடுவே ஒரு நாடு

மேற்குச் சைபீரியாவின் உரெங்கோயில், தரைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, பழைய மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் அது அடைபட்டுக் கிடந்தது. நிறமில்லை, மணமில்லை, ஏறத்தாழ முழுவதும் மீத்தேன். மேலே கோடையிலும் ஆழத்தில் உருகாத உறைநிலம். கலைமான் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழும் நேனெத்ஸ் மக்கள். மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர்காலம். 1966-ல் அங்கே துளையிட்டவர்கள், உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்றின் மேல் நிற்பதைக் கண்டுகொண்டார்கள். ஆனால் அத்தனை எரிவாயுவையும் எரித்துத் தீர்க்கப் பக்கத்தில் ஊர் இல்லை. வாங்கக்கூடியவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மேற்கே இருந்தார்கள்.

எண்ணெயைக் கப்பலில் ஏற்றலாம். ஒரு துறைமுகம் மூடினால் இன்னொன்றுக்குத் திருப்பலாம். எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் வழி அன்று இங்கே பயன்படவில்லை. குழாய்தான் ஒரே வழி. குழாய் பதித்தாகிவிட்டால் விற்பவர், வாங்குபவர், இடையில் நிலம் கொடுத்தவர் மூவரும் ஒரே நுகத்தில் பூட்டப்படுகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவின் கடந்த முப்பது ஆண்டுச் சண்டைகளில் பலவற்றுக்கு இந்த நுகத்தடியிலிருந்துதான் விளக்கம் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சோவியத்திடம் எரிவாயு இருந்தது. அகலமான நல்ல எஃகுக் குழாய் போதிய அளவு இல்லை. மேற்கு ஜெர்மனியில் மான்னெஸ்மான் ஆலையின் குழாய் இருந்தது, எரிவாயு இல்லை. 1962-ல் இத்தகைய குழாய்களைச் சோவியத்துக்கு விற்கக் கூடாது என்று நேட்டோ தடை போட்டது. எட்டு ஆண்டுகளுக்குள் காற்று மாறிவிட்டது. 1968-ல் ஆஸ்திரியாவின் பவும்கார்டனுக்கு சோவியத் எரிவாயு வந்து சேர்ந்தது. 1970 பிப்ரவரி 1 அன்று எஸ்ஸென் நகர ஓட்டல் ஒன்றில் ஜெர்மன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மன் வங்கிகள் கடன் கொடுக்கும். அந்தக் கடனில் மாஸ்கோ குழாய் வாங்கும். அந்தக் குழாயில் வரும் எரிவாயுவை விற்றுக் கடனை அடைக்கும். 1973 அக்டோபரில் எரிவாயு ஜெர்மனியைத் தொட்டது.

உரெங்கோயின் முறை அதற்குப் பிறகு வந்தது. போமாரி என்ற ஊர் வழியாக, உக்ரைனின் மேற்கு விளிம்பிலுள்ள உஷ்கொரோத் வரை 4,451 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பெருங்குழாய் திட்டமானது. விட்டம் 1,420 மில்லிமீட்டர். ஒரு சிறுவன் அதற்குள் நிமிர்ந்து நடக்கலாம். வளர்ந்தவர் முதுகை வளைத்தே போக வேண்டும். இந்த அளவு பின்னால் தேவைப்படும்.

அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் இந்தக் குழாயை வெறுத்தார். 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததைச் சுட்டி, இந்தக் குழாய்க்கான அமெரிக்கக் கருவிகளுக்குத் தடை விதித்தார். 1982 ஜூனில், அமெரிக்க உரிமம் பெற்றுக் கம்ப்ரசர் கருவிகள் செய்யும் ஐரோப்பிய ஆலைகளுக்கும் அதை நீட்டினார். ஐரோப்பா கொதித்தது. பிரெஞ்சு அரசு தன் நாட்டிலிருந்த அமெரிக்கத் துணை நிறுவனத்துக்கே கம்ப்ரசர்களை அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டது. ரீகனின் நெருங்கிய நண்பர் மார்கரெட் தாட்சரும் பிரிட்டிஷ் ஆலைகளின் பக்கம் நின்றார். நவம்பரில் தடை விலகியது. மேற்கு ஐரோப்பா மாஸ்கோவை நம்பியிருக்க நேரும் என்று ரீகன் அஞ்சியது தப்பில்லை. ஆனால் அந்த வாதங்களில் எந்தப் பக்கமும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: குழாய் யார் நிலத்தின் வழியே போகிறது? அன்று அதைக் கேட்கக் காரணமும் இல்லை. உரெங்கோயும் உஷ்கொரோத்தும் ஒரே நாட்டில் இருந்தன.

குழாய்க்குள் ஏறக்குறைய 75 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எரிவாயு நகர்கிறது. வேகம் மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர். நகரப் பேருந்தின் வேகம்தான். போகப்போக உராய்வில் அழுத்தம் குறையும். அதனால் நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு கம்ப்ரசர் நிலையம் நின்று அதை மறுபடி முன்னே தள்ளுகிறது. அந்தக் கம்ப்ரசர்களை ஓட்ட எரிவதும் இதே எரிவாயுவின் ஒரு பங்கு. கட்டுச்சோறு போலத் தன்னையே கொஞ்சம் தின்றபடி அது பயணம் செய்கிறது. யூரல் மலை, ஓப், வோல்கா, டோன் ஆறுகள் எல்லாம் கடந்து உஷ்கொரோத் சேர ஐந்தாறு நாள் ஆகும்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. குழாய் ஓர் அங்குலமும் நகரவில்லை. எல்லைக்கோடு வந்து அதன்மேல் விழுந்தது. குர்ஸ்க் மாகாணத்தின் சின்ன ஊரான சுட்ஜாவுக்கு ஒரே நாளில் உலக முக்கியத்துவம் வந்தது. ரஷ்ய எரிவாயுவை அளந்து உக்ரைனுக்குள் அனுப்பும் மீட்டர் அங்கேதான், எல்லைக்கு இந்தப் பக்கம் ரஷ்ய மண்ணில் இருந்தது. அளப்பவர் ஒருவர், அளந்ததை நம்ப வேண்டியவர் இன்னொருவர். 1990களில் ரஷ்யா ஐரோப்பாவுக்கு விற்றதில் பெரும்பகுதி உக்ரைன் வழியாகவே போனது. விற்கும் ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்புரோமுக்கு உக்ரைனின் நிலம் வேண்டும். உக்ரைனின் உலைகளுக்கும் வீடுகளுக்கும் ரஷ்யாவின் எரிவாயு வேண்டும். மாஸ்கோவின் சலுகை விலையும் கீவின் கட்டாத பாக்கியும் மாறிமாறிப் பெருகின. நடுவே ரோஸ்உக்ரெனெர்கோ என்ற நிறுவனம் முளைத்தது. சுவிட்சர்லாந்தில் பதிவு செய்யப்பட்ட அதில் பாதிப் பங்கு காஸ்புரோமுடையது, மீதி உக்ரைனின் இரண்டு தொழிலதிபர்களுடையது. ஒரு குழாயின் இரு முனைகளுக்கு நடுவே ஓர் இடைத்தரகர் எதற்கு என்ற கேள்விக்கு உக்ரைன் மக்களுக்கு நேர்மையான பதில் கிடைத்ததே இல்லை. இந்தக் கதையில் மாஸ்கோவின் குற்றம் பெரிது. அதற்காகக் கீவில் குழாயோரம் கொழுத்தவர்களை மறந்துவிட முடியாது.

2006 ஜனவரி 1 அன்று முதல் பெரிய எரிவாயு வெட்டு. ஆயிரம் கன மீட்டருக்கு 50 டாலராக இருந்த விலையை 230 ஆக்க வேண்டும் என்றது காஸ்புரோம். சில நாட்களில் சமரசம் வந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் ஆரஞ்சுப் புரட்சியில் மேற்கு நோக்கிய அரசு ஒன்று கீவில் அமைந்திருந்தது.

இரண்டாவது வெட்டு கொடியது. 2009 ஜனவரி 7 முதல் உக்ரைன் வழியாக எதுவும் வரவில்லை. பாதிக் குளிர்காலத்தில் இரண்டு வாரம். ரஷ்ய எரிவாயு ஒன்றையே நம்பியிருந்த பல்கேரியாவில் வீடுகள் குளிர்ந்தன. போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வெப்பம் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது மூடுவதாக வாக்களித்த பழைய அணு உலையை மறுபடி இயக்கலாமா என்று ஸ்லோவாக்கியா யோசித்தது. அதே நாட்களில் உக்ரைனின் பொறியாளர்கள் செய்த காரியம் வெளியே அதிகம் பேசப்படவில்லை. கிழக்கிலிருந்து மேற்காக மட்டும் ஓடக் கட்டிய வலையை அவர்கள் தலைகீழாகத் திருப்பினார்கள். நாட்டின் மேற்கே நிலத்தடியில் சேமித்ததைக் கிழக்கின் ஆலை நகரங்களுக்குத் தள்ளினார்கள். சொந்த மக்கள் குளிரில் விறைக்கவில்லை.

அந்தச் சேமிப்பு இருந்த இடம் கார்பாத்திய மலையடிவாரம். ஸ்த்ரிய் நகரத்தை அடுத்த பில்சே-வோலித்சாவில் ஒரு காலத்தில் எரிவாயு தோண்டியெடுத்துத் தீர்ந்துபோன வயலையே பெரும் கொள்கலனாக்கினார்கள். 1,700 கோடி கன மீட்டர் கொள்ளும்; ஐரோப்பாவிலேயே பெரியது. அதே வட்டாரத்தில் இருக்கிறது தஷாவா. 1948-ல் தஷாவாவின் எரிவாயு கீவுக்கும், பிறகு 1951-ல் மாஸ்கோவுக்குமே போனது. எரிவாயு உக்ரைனிலிருந்து ரஷ்யத் தலைநகருக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்த வயல்கள் வற்றிய பிறகுதான் ஓட்டம் திசை மாறியது. விலைச் சண்டைகளில் இரு நாட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தவர்கள் இந்தப் பழைய பக்கத்தை ஏன் புரட்டவில்லை என்று எனக்கு மனம் ஆறவில்லை.

2009-ல் வெட்டை முடித்துவைத்த ஒப்பந்தத்தை உக்ரைன் தரப்பில் பேசி முடித்தவர் பிரதமர் யூலியா திமோஷென்கோ. அந்த ஒப்பந்தமே அவர்மீது வழக்காகி, 2011-ல் ஏழாண்டுச் சிறைத் தண்டனையில் முடிந்தது. அவரை அடைத்துவைத்த விதம் தன்னிச்சையானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2010 ஏப்ரலில் அதிபர் யானுகோவிச் கார்கிவில் இன்னோர் ஒப்பந்தம் போட்டார். எரிவாயு விலையில் ஆயிரம் கன மீட்டருக்கு 100 டாலர் வரை தள்ளுபடி; பதிலுக்குக் கிரிமியாவின் செவஸ்தோபோலில் ரஷ்யக் கருங்கடல் கடற்படைக்கு 2042 வரை இடம். எரிவாயுவும் பாதுகாப்பும் வேறு வேறு என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தாளைக் காட்டினால் போதும். நாலே ஆண்டில் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. தளம் இனித் தன்னுடைய மண் என்று அந்தத் தள்ளுபடியையும் ரத்து செய்தது.

அதற்குப் பிறகு கீவ் வேறு வழி தேடியது. 2014 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பழைய சிறு குழாய் ஓடத் தொடங்கியது. 2015 நவம்பருக்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவிடம் நேரடியாக எரிவாயு வாங்கவில்லை. மாஸ்கோ தன் பங்குக்கு உக்ரைனைச் சுற்றிப் போகக் குழாய்களைப் பால்டிக் கடலடியில் போட்டது. முதல் நோர்ட் ஸ்ட்ரீம் 2011-ல் ஓடியது. இரண்டாவது 2021-ல் முடிந்தும் ஓடவில்லை. எரிவாயு தன் நிலத்தின் வழியே போகும்வரை மாஸ்கோ முழுப் போருக்குத் துணியாது, அந்தக் குழாய் தனக்கு ஒரு கேடயம் என்று உக்ரைனில் பலர் நம்பினார்கள். நம்பியதில் நியாயம் இருந்தது.

2022 பிப்ரவரி 24 அன்று படைகள் நுழைந்தன. குழாயில் ஓட்டம் நிற்கவில்லை. டாங்கிகள் சுமி நகரை நெருங்கிய நாட்களிலும் அதே சுமி மாகாணத்தின் அடியில் எரிவாயு நகரப் பேருந்தின் வேகத்தில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. காஸ்புரோம் வழிக்கட்டணம் செலுத்தியது. உக்ரைன் தன்னைத் தாக்கும் நாட்டின் சரக்கைச் சுமந்தது. பங்காளி நாடுகளுக்குக் கொடுத்த வாக்கு அது. கேடயம் என்று நினைத்தது கேடயமாக இருக்கவில்லை. அந்த மே மாதம் ஆக்கிரமிக்கப்பட்ட லுஹான்ஸ்க் பக்கத்து நுழைவாயில் மூடியது. சுட்ஜா ஒன்றே மிஞ்சியது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை எல்லை தாண்டிச் சுட்ஜாவைப் பிடித்தது. அப்போதும் ஓட்டம் நிற்கவில்லை. இரு நாட்டுச் சிப்பாய்களும் அந்தக் குழாயைச் சுற்றியே செத்துக்கொண்டிருந்தார்கள்.

2019 டிசம்பரில் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2025 ஜனவரி 1 காலை முடிந்தது. கீவ் நேரம் ஏழு மணிக்கு ஓட்டம் பூச்சியமானது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 கோடி கன மீட்டருக்கு மேல் சுமந்த வழி, கடைசி ஆண்டில் 1,500 கோடி சொச்சம்தான் சுமந்தது. ஆஸ்திரியாவும் ஸ்லோவாக்கியாவும் வேறு வழிகளை முன்பே ஏற்பாடு செய்துவிட்டிருந்தன. அடி விழுந்தது அவர்களுக்கு அல்ல.

விழுந்தது டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு. மால்டோவாவிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 1,500 ரஷ்யப் படையினரை வைத்துக்கொண்டு, ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அங்கீகரிக்காமல் முப்பதாண்டாக நிற்கும் ஒரு கீற்று நிலம் அது. காஸ்புரோமின் எரிவாயு அங்கே விலை கேட்காமல் வந்தது. குசியுர்கான் மின்நிலையம் அதை எரித்து மின்சாரமாக்கி மால்டோவாவுக்கே விற்றுப் பிழைத்தது. ஜனவரி முதல் நாளே வீடுகளில் வெந்நீரும் வெப்பமும் நின்றன. மின்நிலையம் நிலக்கரிக்கு மாறியது. தினம் பல மணி நேரம் மின்வெட்டு. ஆலைகள் மூடின. மக்கள் விறகு தேடினார்கள். துருக்கி வழியே எரிவாயுவை அனுப்பியிருக்கலாம். மால்டோவாவின் பாக்கியைக் காரணம் காட்டிக் காஸ்புரோம் அனுப்பவில்லை. அந்தப் பாக்கிக் கணக்கை மால்டோவா ஒப்புக்கொள்ளவே இல்லை. மாஸ்கோவைப் பாதுகாவலர் என்று நம்பிய ஊரே அந்தக் குளிரில் நடுங்கியது. பிப்ரவரியில்தான் ஐரோப்பிய வழியாக எரிவாயு திரும்பியது.

மார்ச் 8 அளவில் சுட்ஜாவில் இன்னொன்று நடந்தது. ஓட்டம் நின்று காலியாகக் கிடந்த அந்த 1,420 மில்லிமீட்டர் குழாய்க்குள் ரஷ்யச் சிப்பாய்கள் இறங்கினார்கள். பல கிலோமீட்டர் தூரம் குனிந்தும் தவழ்ந்தும் உள்ளேயே போனார்கள். மீத்தேனின் எச்சம் மூச்சை அடைக்கும் இருட்டில் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு உக்ரைன் படையின் முதுகுப் பக்கம் வெளியே வந்து தாக்கினார்கள். ஒரு வாரத்தில் சுட்ஜா ரஷ்யாவின் கைக்குத் திரும்பியது. அதே மாதம் மீட்டர் நிலையம் தீப்பற்றி எரிந்தது. இரு தரப்பும் மற்றவரைக் குற்றம் சாட்டின.

2025 ஜூலையில் தெற்கே, தன்யூப் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே ஓர்லொவ்கா எல்லை வழியாக ஒரு சிறிய அளவு எரிவாயு உக்ரைனுக்குள் வந்தது. அசர்பைஜானின் எரிவாயு. பல்கேரியா, ருமேனியா தாண்டி வடக்கு நோக்கி வந்த அந்தக் குழாய், சோவியத் எரிவாயுவைத் தெற்கே கொண்டுபோகக் கட்டப்பட்டது.