மாலைக்கண்: வெளிப்பசியும் உட்பசியும்

பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறுபவருக்கு மாலைக்கண் என்பார்கள் கிராமத்தில். கீரை சாப்பிட்டால் சரியாகும் என்பார்கள். பலருக்குச் சரியாகவும் ஆனது. சிலருக்கு மட்டும் எத்தனை கீரை சாப்பிட்டும் பயனில்லை. திருவள்ளூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரவு ஷிப்டு போகும் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால் வேலையே போய்விடும். ஏன் சிலருக்கு மட்டும் சரியாகவில்லை? விடை தெரிய நூறாண்டுகளுக்கு மேல் ஆனது!

பெயரில் ஒரு பிழை

இன்று எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819-லேயே சென்னையில் தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவி அன்று எந்த மருத்துவரிடமும் இல்லை. 1851-ல் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை உருவாக்கினார். அதன் பிறகுதான் பரம்பரையாக வரும் ஒருவகை மாலைக்கண்ணில் விழித்திரை மீது கரும்புள்ளிகள் படிந்திருப்பது தெரிந்தது. 1857-ல் நெதர்லாந்து மருத்துவர் டோண்டர்ஸ் அதற்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயரிட்டார். அதாவது, நிறமி படிந்த விழித்திரை அழற்சி. உண்மையில் நோயின் மூலகாரணம் அழற்சி அல்ல. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1861-ல் பெர்லினில் லீப்ரைக், இந்நோயாளிகள் பலரின் பெற்றோர் நெருங்கிய உறவினர்கள் என்பதைக் கவனித்தார்.

வெளிப்பசி

உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராயும் பணி நீலகிரியின் குன்னூரில் 1918-ல் மெக்காரிசன் தலைமையில் தொடங்கியது. அந்த ஆய்வகமே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1933-ல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். 1967-ல் நோபல் பரிசும் பெற்றார். 1970-ல் இந்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இது வெளியிலிருந்து வரும் பசி. உணவு கொடுத்தால் தீரும்.

உட்பசி

மற்ற வகை அப்படியல்ல. 1994-ல் குமாரமாணிக்கவேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள், உறவுமுறைத் திருமணம் நடந்த ஓர் இந்தியக் குடும்பத்தில், ஒளியை உணரும் ரோடாப்சின் புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தப் பிழையைப் பெற்ற பிள்ளைகளுக்கே நோய் வந்திருந்தது. 1997-ல் இன்னொரு இந்தியக் குடும்பத்தில், கண்ணுக்குள் வைட்டமின் ஏ-யைச் சுமந்து செல்லும் புரதமே பழுதாகியிருந்தது தெரிந்தது. பந்தியில் சோறு இருக்கிறது, பரிமாற ஆளில்லை என்பது போன்ற நிலை!

கதை இத்துடன் முடியவில்லை. விழித்திரை உடலிலேயே மிக அதிக ஆற்றலைச் செலவிடும் திசுக்களில் ஒன்று. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அது குளுக்கோஸின் பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது என்று 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் காட்டினார். இந்நோயில் முதலில் சாவது இரவுப் பார்வை தரும் குச்சி செல்கள். பகல் பார்வையும் நிறமும் தரும் கூம்பு செல்களில் பல நேரம் மரபணுப் பிழையால் நேரடிப் பாதிப்பு இல்லை. இருந்தும் அவையும் பின்னாலேயே சாகின்றன. ஏன்? அவை பட்டினியால் வாடுகின்றன என்று 2009-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டனர். இன்சுலின் கொடுத்தபோது அவை கூடுதல் காலம் பிழைத்தன. குச்சி செல்கள் சுரக்கும் ஒரு புரதம்தான் கூம்பு செல்களுக்குள் குளுக்கோஸ் நுழைய உதவுகிறது என்று 2015-ல் பாரிஸ் குழு காட்டியது. அண்டை வீட்டார் போனதும் அடுத்த வீட்டில் அடுப்பு அணைகிறது!

அறிய வேண்டியது

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. எனவே ஊருக்குள் கண் முகாம் நடக்கும்போது, மாலையில் தடுமாறும் பிள்ளையின் பெற்றோர் தாங்கள் சொந்தமா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரையை அளவின்றிக் கொடுப்பது ஆபத்து. ஒரேயொரு மரபணுவின் பிழைக்கு மட்டும் 2017-ல் அமெரிக்காவில் மரபணு மருந்து அனுமதிக்கப்பட்டது. மற்றவர்களுக்கு, எது வெளிப்பசி, எது உட்பசி என்று முதலில் பிரித்தறிவதே பெரிய உதவி. வீட்டில் அடுத்த திருமணம் பேசும் முன்பே இது தெரிந்தால் இன்னும் நல்லது.