யவனர் மது: பாட்டும் பானையோடும்

புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் யவனர் மதுவின் மணத்தைச் சிறப்பிக்கிறார். அதன் தரத்தை மதிப்பிட உதவுவன சாடி ஓடுகளே. அரிக்கமேட்டு ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றுள் கிரேக்கக் கோஸ் தீவுச் சாடி வகையைக் கணிசமாக இனங்கண்டார். கோஸ் மது கடல்நீர் கலந்தது. பெலர்னியன் போன்ற உயர்வகைக்குப் பின்னிற்பது. அதனை இத்தாலியிலேயே செய்யும் முறையைக் கேட்டோவின் வேளாண் நூல் கூறுகிறது.

மேற்குக் கரையில், இடுக்கி மலைகளிலிருந்து இறங்கும் பெரியாற்றின் கழிமுகத்தை அடுத்த பட்டணம் அகழாய்வில் இத்தாலியக் காம்பானியாச் சாடிகளும் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்தன.

ஆகவே, பாட்டின் புகழுரையை ரோமானியத் தரவரிசைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ரோமில் இரண்டாந்தரமான மதுவும், கடல் கடந்து வந்த அருமையால், பாண்டியன் அவையில் முதல்தரமாகியிருக்கக்கூடும்.