வாரண்டில் எழுதிய பெயர்



வாரண்டு என்ற சொல்லைக் கேட்டால் நம் தோட்டங்களில் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். புத்தகத்தில் பிடியாணை என்று எழுதுகிறோம். லயத்தில் அதற்கு வாரண்டு என்றுதான் பெயர். "அந்தக் கிழவருக்கு வாரண்டு இருந்ததாம், அதனாலேதான் பேரை மாத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாராம்" என்ற பேச்சு ஏதாவது ஒரு குடும்பத்தைப் பற்றியாவது ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கும். மேலே கேட்டால் பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன்மார் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஊரில் எழுதி வைத்த வம்சாவளியும் கிடையாது. சர்க்கார் ஒருவனைப் பிடிக்கவோ, சிறைக்கோ வேறு நாட்டுக்கோ அனுப்பவோ முடிவு செய்தால், அவன் யார் என்று எழுதியாக வேண்டும். யாருடைய மகன், எந்த ஊர், என்ன சாதி, என்ன உயரம், உடம்பில் எங்கே தழும்பு என்று எழுதினார்கள். அவனுக்கு நன்மை செய்வதற்காக எழுதியது அல்ல. இருந்தாலும், அவனுடைய தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒரே தாளில் இருப்பது பல வேளைகளில் அந்த ஒரு தாளில் மட்டுந்தான். அந்தத் தாளை எப்படித் தேடுவது என்பதைச் சிங்கப்பூரை வைத்துப் பார்ப்போம். ஜொகூர்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பலர் தினமும் பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போய்வருகிறார்கள்; தீபாவளிக்குத் துணி எடுக்கத் தேக்காவுக்குப் போகாத குடும்பமும் குறைவு.

முதலில், வாரண்டோடு வந்தவர்கள். 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சுமத்திராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகளைக் கம்பெனி சிங்கப்பூருக்கு மாற்றியது. 1825 ஏப்ரல் 18-ஆம் நாள் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் வந்து இறங்கினார்கள். ஒரு வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தார்கள். பிறகு இந்தியாவிலிருந்தே நேராகக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். நாடு கடத்தப்பட்ட கைதிகளோடு தண்டனை வாரண்டும், பெயரும் அங்க அடையாளங்களும் குறித்த பட்டியலும் அனுப்புவது வழக்கம். ஆயுள் தண்டனை பெற்ற பலருக்கு அதுவும் போதாதென்று நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். இந்தக் கொடுமை 1849-ல்தான் நிறுத்தப்பட்டது. தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. நாம் வாரண்டை மறைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

இவர்கள் அங்கே செய்த வேலையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. காடு வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். 1833-ல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் இவர்களுடைய மேற்பார்வையாளரானார். நார்த் பிரிட்ஜ் சாலையும் சவுத் பிரிட்ஜ் சாலையும் இவர்கள் கையால் போடப்பட்டவை. 1856-ல் அடிக்கல் நாட்டி 1861-ல் முதல் வழிபாடு நடந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்களும் கைதிகளே. அதன் சுவருக்குப் பூசிய சாந்து நம் நாட்டுச் சாந்து. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்தார்கள். 1867-க்கும் 1869-க்கும் இடையே எழுந்த கவர்னர் மாளிகையும் இவர்கள் உழைப்பே. இன்று அது இஸ்தானா, சிங்கப்பூர் அதிபரின் மாளிகை.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தை அந்தக் காலத்துத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் இருந்தது. அரசாங்கத்தின் செங்கற்சூளையும் அந்தச் சாலையில்தான் இருந்தது. அதிலும் கைதிகளே வேலை செய்தார்கள். தண்டனைக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் அங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள் பலர். 1873-ல் கைதிகள் இலாகாவைக் கலைத்துவிட்டார்கள்.

எல்லாரும் திருடர்களும் கொலைகாரர்களுமா என்று கேட்கலாம். பினாங்கைப் பாருங்கள். பாளையக்காரர் போர் 1801-ல் ஒடுக்கப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவருடன் எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். துரைசாமி அப்போது இளம்பிள்ளை. 1818-ல் பினாங்கில் அவரைக் கண்ட கர்னல் வெல்ஷ், முதுமை தட்டிய அவருடைய தோற்றத்தைக் கண்டு மனம் வருந்தி எழுதி வைத்திருக்கிறார். சர்க்கார் ஏட்டில் அவரும் ஒரு கைதிதான்.

சரி, இந்த ஏடுகள் எங்கே இருக்கின்றன? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826-ல் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாயின. 1867 ஏப்ரல் 1 வரை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. அதற்குப் பிறகு இலண்டனின் நேர் ஆட்சி. தேடுகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த 1867 என்ற ஆண்டைத்தான். அதற்கு முன் வந்தவர் என்றால் வாரண்டு எழுதப்பட்ட இடம் இந்தியா. கைதிகளின் பெயர்ப் பட்டியல்களை அந்தந்த மாகாணத்து நீதித்துறை நடவடிக்கை ஏடுகளில் பார்க்க வேண்டும். மதராஸ் மாகாணத்து ஏடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இந்திய அலுவலக ஆவணங்களோடு படிகள் உண்டு.

சிங்கப்பூரில் இருப்பது மறுபக்கம்: வந்து சேர்ந்த பிறகு அதிகாரிகள் எழுதிக்கொண்ட கடிதங்கள். இவை கேனிங் ரைஸ் 1-ஆம் எண் கட்டடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேக்காவிலிருந்து செலிகி ரோடு வழியாக நடந்தே போய்விடலாம். போகிற வழியில் வரும் பிராஸ் பாசா சாலையில்தான் அந்தக் கைதிகளின் சிறை இருந்தது. நீரிணைக் குடியேற்ற ஆவணங்கள் ஆங்கில எழுத்து வரிசையில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. எல்லாம் கையெழுத்து. படமெடுத்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களே அவற்றைப் படித்து அச்செழுத்தில் எழுதித் தரும் திட்டம் ஒன்று 2015 முதல் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் தோட்டத்து வீட்டிலிருந்தே கைபேசியில் தொடங்கலாம்.

இனி இரண்டாவது வகை. வாரண்டோடு வந்தவரல்ல, வந்த பிறகு வாரண்டு பிறந்தவர். நம் குடும்பங்களில் இவர்களே அதிகம். ஒப்பந்தக் கூலியாக வந்தவர் கப்பல் செலவையும் முன்பணத்தையும் கடனாகத் தலையில் சுமந்து வந்தார். பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கெடு. 1884-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டப்படி, கெடு முடியாமல் தோட்டத்தை விட்டுப் போவது வெறும் ஒப்பந்த மீறல் அல்ல, குற்றம். துரை மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுப்பார், வாரண்டு பிறக்கும், மாத்தா மாத்தா தேடி வருவார். காய்ச்சலில் படுத்தவரும், மனைவியைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனவரும், அடி தாங்காமல் ஓடியவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இலங்கையிலும் இதே கதை. அங்கே 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் சொல்லாமல் ஓடியவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதித்தது; கடன் கணக்கை எழுதிய துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் சட்டப்படி நிறுத்தப்பட்டது. ஆகவே ஓடியதற்கு வாரண்டு என்று பாட்டி சொன்னால் 1910-க்கு முந்திய ஆண்டுகளை முதலில் பாருங்கள்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டின் அன்றாடப் பதிவேடுகள் எல்லாம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இங்கே கைகொடுப்பது பழைய செய்தித்தாள். 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் போலீஸ் கோர்ட்டுச் செய்திகளை வெளியிட்டு வந்தது. விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகம் இந்தப் பழைய ஏடுகளை 2009 முதல் இணையத்தில் வைத்திருக்கிறது. 1887 முதல் 1890 வரை வெளிவந்த சிங்கை நேசன் என்ற தமிழ் வார இதழும் நம் மக்களின் அந்நாளைய நிலையை அறிய உதவும். சிலாங்கூர் அரசுச் செயலகத்தின் பழைய கோப்புகள் கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவில் உள்ளன. கூலிகள் ஓடியதைப் பற்றிய கடிதங்கள் அவற்றில் நிறைய. ஜொகூர் அந்நாளில் தனி அரசாக இருந்ததால் ஜொகூர்த் தோட்டத்து வழக்கைச் சிங்கப்பூரில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். அதற்கும் ஆர்க்கிப் நெகாராவுக்கே போக வேண்டும்.

தேடும்போது பெயரை நம்பி இறங்கினால் பெரும்பாலும் வெறுங்கைதான். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். கருப்பன் 'கே'யிலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். வீரப்பனை 'வி'யில் காணாவிட்டால் 'டபிள்யூ'வில் பாருங்கள். முத்துவுக்கு எத்தனை 'ஓ' போட்டார்கள் என்பது அவரவர் விருப்பம்! பல செய்திகளில் பெயரே இராது. ஒரு தமிழ்க் கூலி, ஒரு கிளிங் என்று முடித்திருப்பார்கள். கிளிங் என்பது நம்மவரைக் குறித்த இழிசொல். படிக்கும்போது வயிறு எரியும், ஆனாலும் அந்தச் சொல்லையும் போட்டுத்தான் தேட வேண்டும். தோட்டத்தின் பெயர், ஆண்டு, குற்றத்தின் ஆங்கிலச் சொல்லாகிய 'டிசர்ஷன்', 'அப்ஸ்காண்டிங்' ஆகியவை ஆளின் பெயரைவிட நன்றாக வழி காட்டும்.

பிற்காலத்தில் இன்னொரு வகை வந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இத்தகைய செய்திகளுக்குக் காலனி அமைச்சகக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். மூலம் இலண்டனில் இருக்கிறது.

புறப்படுமுன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாட்டியிடம் வாரண்டைப் பற்றிக் கேட்காதீர்கள். குலதெய்வம் எந்த ஊரில், தாத்தா எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார், முதலில் இறங்கிய தோட்டம் எது, கங்காணி யார், உடம்பில் தழும்போ பச்சையோ இருந்ததா என்று கேளுங்கள். தாராளமாகச் சொல்வார்கள். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பட்டியலில் நான்கு ராமசாமிகள் இருக்கும்போது, தகப்பன் பெயரும் ஊரும் தழும்பும் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நம்மவர் என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் ஒத்துவந்தால் குறித்து வைத்துக்கொண்டு மேலே தேட வேண்டியதுதான். ஆசைக்காக அடுத்த வீட்டுத் தாத்தாவைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது.

கிடைத்த பக்கத்தைப் படி எடுக்கும்போது தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த பக்கத்தையும் கட்டாயம் படம் எடுங்கள். அகலமான பட்டியலாக இருந்தால் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் ஓடும்; பெயர் இடப் பக்கத்தில் இருக்க, ஊர் வலப் பக்கத்தில் இருக்கக்கூடும்.