தொண்ணூறு வோல்ட்டுப் பாட்டு

சென்னை வானொலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒலிபரப்பியவர்களின் பக்கத்திலிருந்தே எழுதுகிறார்கள். 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. பணமுடையால் 1927இல் அது ஓய்ந்தது. 1930இல் மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. இக்கதை நேர்கோட்டில் போகும். கேட்டவர்கள் எதைக் கொண்டு கேட்டார்கள் என்று வினவினாலோ, நாம் மெரினாவை விட்டு வடக்கே, திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

மின்சாரம் எட்டாத ஊர்களில் வால்வு வானொலி பேட்டரியால்தான் பாடியது. டார்ச் விளக்கின் பேட்டரிக் கட்டையை மனத்தில் கொண்டு அதை எண்ணிவிடலாகாது. வால்வுக்கு இருவகை மின்னழுத்தம் வேண்டும். உள்ளிருக்கும் இழையைச் சூடேற்ற ஒன்றரை வோல்ட்டு. அதிலிருந்து கிளம்பும் மின்னணுக்களைத் தகட்டுக்கு இழுக்கத் தொண்ணூறு வோல்ட்டு. அதாவது, ஒன்றரை வோல்ட்டுக் கலங்கள் 60ஐ வரிசையாகக் கோத்துச் செங்கல் போன்ற ஒரு பொட்டலத்தில் அடக்க வேண்டும். இவ்வளவும் தீர்ந்தால் தூக்கி எறிவதற்கே. செய்தியை மட்டும் கேட்டுவிட்டுக் குமிழைத் திருப்பி அணைத்த சிக்கனத்தின் காரணம் இதுதான்.

எவரெடி நிறுவனம் இந்தியாவில் தன் முதல் பேட்டரி ஆலையைக் கல்கத்தாவில் 1939இல் நிறுவியது. அடுத்தது 1952இல் சென்னையில், திருவொற்றியூரில். நேஷனல் கார்பன் என்றிருந்த அந்நிறுவனத்தின் பெயர் 1959இல் யூனியன் கார்பைடு இந்தியா ஆயிற்று. ஆம், 1984இன் போபால் நினைவுக்கு வரும் அதே பெயர்தான். போபாலைப் பற்றி நூல்கள் உண்டு, இருக்கவும் வேண்டும். கரித்தூளில் கைகறுத்த திருவொற்றியூர்த் தொழிலாளியின் நினைவுகளை யாரேனும் முறையாகப் பதிவு செய்தார்களா? எங்கள் கண்ணில் படவில்லை.

இராயபுரத்தில் பழைய பெட்டி ஒன்று எங்கள் கைக்கு வந்தபோது பேட்டரி அறையில் பச்சை பூத்த கறை மட்டுமே எஞ்சியிருந்தது. டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 என நான்கு வால்வுகள். இவற்றின் இழை மயிரினும் மெல்லியது. வேலை செய்யும்போதும் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிராது. பழைய மீட்டரை வைத்துச் சோதித்தாலே அறுந்துவிடக் கூடும். காகித மின்தேக்கிகள் கசிந்திருந்தன. அவற்றின் கூட்டைக் குடைந்து, புதியவற்றை உள்ளே ஒளித்து, வெளித்தோற்றம் மாறாமல் வைத்தோம். (இதை ஏமாற்று என்பாரும் உளர், எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.) தொண்ணூறு வோல்ட்டுப் பொட்டலம் இன்று கடையில் கிடைப்பதில்லை. ஒன்பது வோல்ட்டுச் சதுர பேட்டரிகள் பத்தைத் தொடராகக் கோத்தோம்.

முதல் முறை கம்பிகளை மாற்றிப் பொருத்திவிட்டோம். தொண்ணூறு வோல்ட்டு இழைகளில் பாய்ந்தது. புகையில்லை, வாசனையில்லை, நான்கு வால்வுகளும் ஒரு நொடியில் முடிந்தன. மாற்று வால்வுகள் தேடிச் சேர்க்க எட்டு மாதங்களாயின.

இவ்வகைப் பெட்டிகளை வழக்கொழித்தது டிரான்சிஸ்டர். அமெரிக்காவில் 1954இல் விற்பனைக்கு வந்த அந்தச் சிறு கருவிக்கு இழையைச் சூடேற்ற வேண்டியதில்லை; சில பேட்டரிக் கட்டைகளே போதும். 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியோருக்காகத் துறைமுகத்தருகே உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டு டிரான்சிஸ்டர்கள் விலைபோயின. செங்கல் பொட்டலத்துக்கு வேலை போயிற்று. சாதாரணக் கட்டைக்கோ கிராக்கி கூடிற்று.

செப்பனிட்ட பெட்டியை ஓர் இரவு முடுக்கினோம். எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சலே மத்திய அலை முழுவதும் நிறைந்திருந்தது. பத்து மணியளவில் தெருவில் மின்சாரம் நின்றது. இரைச்சல் அடங்கியது. இருட்டில், எங்கிருந்தோ ஒரு நாகஸ்வரம் மெல்ல மேலெழுந்து வந்தது. யாரும் மெழுகுவத்தி தேடவில்லை.